மூன்றாவதாக இருந்த எண்

"யூரியா பாயின்ட் ஒன்பதா? உயிரோட இருக்கிற மனுஷனுக்கா?" என்று அண்ணி கேட்டார்.

"பிரிண்ட்ல அப்படித்தான் வந்துச்சு, அண்ணி."

"யாருக்குக் கொடுத்தே?"

"பஸ் ஓட்டுறவர். காலையிலயே வாங்கிட்டுப் போயிட்டார். கிரியாட்டினின் அஞ்சுக்கு மேலன்னு பார்த்துட்டு, கிட்னி ரெண்டும் போச்சுன்னுட்டாராம் டாக்டர்."

அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. உடனே கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்.

அண்ணன் மனைவி என்பதால் எனக்குத்தான் அண்ணி. ஆனால் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். அங்கே கணினிக்கு நிரல் எழுதுவது அவர் வேலை, அறிக்கை அச்சடிப்பது என் வேலை. "உங்க அண்ணி டம்ளரைக்கூட ரோல் நம்பர் போட்டு அடுக்குவாங்க" என்பார் இயந்திரம் பார்க்கும் டெக்னீஷியன். பொய்யில்லை. வீட்டுச் செருப்புக்கும் வரிசை உண்டு.

அவருடைய நிரலில் ஒவ்வொரு ரத்த மாதிரிக்கும் ஓர் அகராதி. சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், யூரிக் ஆசிட், கால்சியம் என்று பெயர்கள். பெயருக்கு எதிரே அளவு. போட்ட வரிசை மாறாத அகராதி அது. அதனால் பெயரைச் சொல்லியும் அளவை எடுக்கலாம், எத்தனையாவது என்று எண்ணியும் எடுக்கலாம். அண்ணி எண்ணி எடுத்திருந்தார். ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லை.

அன்று காலை யூரியாவுக்கான ரசாயனம் தீர்ந்துபோயிருந்தது. டெக்னீஷியன் அந்தச் சோதனையை விட்டுவிட்டார். யூரியா என்ற பெயரே உள்ளே போகவில்லை. கீழே இருந்தவை ஒவ்வொன்றும் ஓரிடம் மேலே ஏறிக்கொண்டன. நல்லவேளை, அதற்குள் அச்சானது அந்த ஓர் அறிக்கைதான்.

அண்ணி இப்போது பெயரைத் தட்டிக் கேட்டார். கிரியாட்டினின்: 0.9. நாங்கள் கொடுத்த 5.1 அவருடைய யூரிக் ஆசிட்.

தொலைபேசியில் கூப்பிட்டோம்.

"இப்பதாம்மா டிப்போவுல வேலையை விட்டுடறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்," என்றார் ஓட்டுநர். "வண்டியில மயக்கம் வந்தா ஐம்பது பேர் உசிரும்மா."

அண்ணி நடந்ததைச் சொன்னார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லண்ணே. இன்னொரு தடவை ரத்தம் எடுத்துக் காட்டுறோம்."

"என் வீட்டுக்காரி காலையிலேர்ந்து சுவத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மாளிடம் அண்ணி அதையே மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

மறுபடி எடுத்த ரத்தமும் நன்றாகவே இருந்தது. ஆனால் எழுதிக் கொடுத்த வேலை? நிலையத்திலிருந்து விளக்கக் கடிதம் வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக டிப்போ மேலாளர் சொன்னார். டிப்போவில் கடிதம் எழுதுவது ஒரு மொழியில், தலைமை அலுவலகத்தில் வேறு மொழியில். இரண்டிலும் வேண்டும் என்றார்.

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு ரெண்டு வரி போட்டு அனுப்புங்க, போதும்," என்றார் எங்கள் முதலாளி.

அவர் போனதும் அண்ணி நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நீதான் ரெண்டு பாஷையிலயும் படிச்சவ. எனக்காக ஒண்ணு எழுதிக் கொடு. கம்ப்யூட்டர் மேல போடாதே. பேரைக் கேட்காம எண்ணி எடுத்தது நான்னு போடு. கீழே என் கையெழுத்துக்கு இடம் விடு."