சங்கிலி போடாத நாய்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்த வேல்சாமியைத் தெரியுமா என்று கேட்டால், பழைய ஆட்கள் இன்றைக்கும் "நாயை வெட்டுனவன்தானே" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நாயைக் கொன்றவன் நான். பேர் சங்கரநாராயணன், பேரருவிக்குப் போகிற வழியில் முப்பது வருஷம் எண்ணெயும் சீயக்காயும் விற்றவன். பழியை அவன் தலையில் ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அதனால் அவன் கதையை நானே எழுதுவதுதான் முறை.

வேல்சாமிக்குப் பண்பொழி சொந்த ஊர். பெண்டாட்டி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அதற்கப்புறம்தான் குற்றாலத்துக்கு வந்தான். சீசன் மாதங்களில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பான். மற்ற நாளில் விறகு வெட்டுவான், கிணறு இறைப்பான், கூப்பிட்ட வேலைக்குப் போவான். ஒரு ஆளின் முதுகில் கை வைத்ததுமே, "நீங்க இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பீகளோ" என்று கேட்பான். சரியாகத்தான் இருக்கும். அதற்கு மேல் அவனிடம் பேச்சைப் பிடுங்க முடியாது.

ஐந்தருவி ரோட்டில் ஜெபமலர் டீச்சர் இருந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பான மனுஷி. சீசனுக்கு வருகிற பெரிய வீட்டுக்காரர்கள் காரில் நாயைக் கொண்டு வருவார்கள், போகும்போது சாமான் மட்டும்தான் திரும்பிப் போகும். அப்படி விட்டுப்போன சீமை நாய்களும், அவை தெரு நாய்களோடு சேர்ந்து போட்ட குட்டிகளும் டீச்சர் வீட்டில்தான் வளர்ந்தன. குட்டி கேட்டால் சும்மாவே கொடுப்பார். ஆனால் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அடிக்கக் கூடாது, சங்கிலி போடக் கூடாது, வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடாமல் அவர் வாசலிலேயே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். மூன்று நிபந்தனையையும் நிற்க வைத்து உரக்க வாசிப்பார். கேட்டுவிட்டுப் பாதிப் பேர் ஓடிப்போவார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் சீசன் முடிந்து, வேல்சாமி அங்கே போய்ப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். குட்டைக் கால், சடை வால், ஒரு காது நிமிர்ந்து நிற்கும், ஒரு காது தொங்கும்.

"ஏலே, இது என்ன சாதி நாயிலே?" என்று கேட்டேன்.

"பாதி வெள்ளக்காரன், பாதி நம்மாளு அண்ணாச்சி."

"அப்ப தொரைன்னு கூப்பிடு" என்றேன். நான் கேலிக்குச் சொன்னேன், அவன் அதையே பேராக வைத்துவிட்டான்.

துரைக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு வேலை வந்துவிட்டது. குளிக்கிறவர்கள் வேட்டி சட்டையையும் கைக்கடிகாரத்தையும் ஒரு பாறையில் கழற்றி வைத்துவிட்டு வேல்சாமியிடம் முதுகைக் கொடுப்பார்கள். அவர்கள் அருவியில் நனைந்து திரும்பி வருகிற வரைக்கும் நாய் அந்தத் துணியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு கைக்குட்டை காணாமல் போனதில்லை. நானும் தினம் காலையில் ஒரு பன்னைப் பிய்த்துப் போடுவேன், என்னைக் கண்டாலே அந்தச் சடை வால் கிடந்து அடிக்கும்.

அறுபதாம் வருஷம் ஆடி மாதம். கடையில் காலி பாட்டில் தீர்ந்துவிட்டது. வேல்சாமிக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்த என் பாட்டில்கள் நாலு அவனிடம் இருந்தன. அருவிக்கரைக்குப் போனேன். அவன் யாரோ ஒரு பெரிய மனுஷன் முதுகில் குனிந்திருந்தான். பாட்டில்கள் அந்த மனுஷனின் சட்டைக்குப் பக்கத்தில் இருந்தன. கையை நீட்டினேன். துரை முதலில் உறுமியது. "போ சவமே" என்று காலால் தள்ளிவிட்டு மறுபடி கையை நீட்டினேன். கடித்துவிட்டது. பார்த்தால் ஒரே ஒரு பல்தான் இறங்கியிருந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்க்க வேண்டும். பத்து நாளும் நன்றாக இருந்தால் ஊசி வேண்டாம். நடுவில் வெறிநோய் கண்டாலோ செத்தாலோ தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஆக, அது பிழைத்துக் கிடந்தால் நானும் பிழைத்தேன். இதைவிடத் தெளிவாக ஒருத்தர் சொல்ல முடியாது.

"சங்கிலி போட மாட்டேன்னு டீச்சருகிட்ட ரேகை வச்சிருக்கேனே அண்ணாச்சி" என்றான் வேல்சாமி.

"அப்ப நான் சாகவாலே? கட்டுலே மூதி."

அவன் தன் பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து முறுக்கி, குடிசை வாசலில் இருந்த வேப்பமரத்தில் கட்டினான். துரை நினைத்தால் ஒரு நிமிஷத்தில் கடித்துத் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அவன் உட்கார் என்றால் அதற்கு உட்காரத்தான் தெரியும்.

நான் அதோடு கடையில் கிடந்திருக்க வேண்டும். பயம் விடவில்லை. மலையடிவாரத்தில் கடிவிஷத்துக்கு மந்திரிக்கிற ஒருவனிடம் போனேன். அவன் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கடிச்ச நாயி உசுரோட இருக்குத வரைக்கும் வெசம் எறங்காது. அது அங்கன கொரைச்சா ஒங்க வயித்துல வளருத நாய்க்குட்டியும் கொரைக்கும்" என்றான். கணக்குப் பார்த்து வியாபாரம் பண்ணத் தெரிந்தவன்தான் நான். இதை நம்பினேன். டாக்டர் இங்கிலீஷ் படித்தவர், அவருக்கு நம் ஊர் விஷம் என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் அது குரைத்தது. என் அடிவயிறு குலுங்கியது. சத்தியமாகக் குலுங்கியது. கடைப் பலகைக்குக் குறுக்கே போடுகிற இரும்புப் பட்டையை எடுத்துக்கொண்டு போனேன். வேல்சாமி அருவியில் இருந்தான். என்னைப் பார்த்ததும் துரை எழுந்து நின்று வாலை ஆட்டியது. அன்றைக்கு நான் பன் போடவில்லை அல்லவா, அதைக் கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டது. முதல் அடியில் சாகவில்லை. மூன்றாவது அடியில் செத்தது. அந்த வேட்டித் துணி அப்போதும் அறுந்துபோகவில்லை.

சாயங்காலம் டாக்டரிடம் போய், தொல்லை தீர்ந்தது என்று சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பத்து நாள் பாருமய்யான்னு சொன்னேன். அடிச்சுக் கொன்னுட்டு வந்து நிக்கீரா? இனிமே பதினாலு ஊசியும் போட்டே ஆகணும். அதோட தலையையும் கொண்டாரும், குன்னூர் லேபுக்கு அனுப்பி வெறி இருந்துச்சான்னு பாக்கணும்."

தலையை யார் எடுப்பது? எனக்குக் கை வரவில்லை. வேல்சாமியிடமே போய் நின்றேன். நான் செய்ததை அவனிடம் அப்போதுதான் சொன்னேன். எனக்காக ஒரு காரியம் செய்லே என்று கூசாமல் கேட்டேன். அவன் போய் மரத்திலிருந்து துரையை அவிழ்த்துக் கிடத்தினான். பிறகு இளநீர்க் கடைக்காரனிடம் அரிவாள் வாங்கி வந்தான்.

வெட்டுவதை நாலைந்து பேர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவனுக்கு அந்தப் பேர் வந்தது அங்கிருந்துதான். சோடா கம்பெனியில் ஐஸ் வாங்கி, மரத்தூளில் பொதிந்து, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து ஆஸ்பத்திரியில் கொடுத்தோம். வேல்சாமிதான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான்.

மிச்ச உடம்பை அந்த வேட்டியிலேயே சுற்றி டீச்சர் வாசலுக்குக் கொண்டு போனான். முடியாமல் போனால் இங்கேதான் கொண்டு வர வேண்டும் என்பது பேச்சல்லவா. நானும் பின்னாலேயே போய்ச் சுவர் ஓரமாக நின்றேன். டீச்சர் துணியை விலக்கினார். தலை இல்லாததைப் பார்த்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாருலே செஞ்சா?"

"என் காவல்ல இருந்துச்சு டீச்சர். நான் பாக்காம விட்டுட்டேன்."

"வெட்டுனது யாருன்னு கேக்கேன்."

"நாந்தான் வெட்டுனேன்."

அவர் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, அவன் ரேகைக்குக் குறுக்கே கோடு போட்டார். இனி இந்த வாசலில் மிதிக்காதே என்றார். நான் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. சீசன் நேரம், நாலு பேர் வந்துபோகிற கடை.

திரும்பும்போது, "ஏன்லே என்னைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா தலை வந்து ஒட்டிக்கிடவா போவுது" என்றான்.

பதினாலு ஊசியும் போட்டு முடித்தேன். அப்புறம்தான் குன்னூர்க் கடிதம் வந்தது. நாய்க்கு ஒரு நோயும் இல்லையாம். ஓடிப்போய் வேல்சாமியிடம் சொன்னேன். "அது எனக்குத் தெரியுமே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, யாருடைய முதுகிலோ எண்ணெயை ஊற்றினான்.

அதற்கப்புறம் வருஷம் தவறாமல், சீசன் முடிந்ததும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக் கேட்டுக்குப் போய் நிற்பான். இன்னொரு குட்டி கேட்பான். அவர் கதவைச் சாத்துவார். அந்த ஆளுக்கு அந்தக் குடிசையில் வேறு யார் இருந்தார்கள்? ஆறு வருஷம் போனான், ஆறு வருஷமும் சும்மா திரும்பினான். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அறுபத்தேழில் எனக்கே பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். டீச்சர் எனக்குக் காப்பி கொடுத்தார். வாய்க்கு வந்தது என்னவோ, "ஒரு குட்டி வேணும் டீச்சர்" என்பதுதான். மகிழ்ச்சியாக நோட்டை நீட்டினார். "ஒங்கள மாதிரி ஆளுக கேட்டா எனக்குக் கவலையே இல்ல" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

குட்டியை நேராக வேல்சாமியிடம் கொண்டுபோய் நீட்டினேன். "ஒனக்குத்தாம்லே வாங்குனேன்."

அவன் கையை நீட்டவில்லை. "ஒங்க கையெழுத்துல வந்தது அண்ணாச்சி. ஒங்க நாயி. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றான்.

அது என் கடையிலேயே வளர்ந்தது. தினம் காலையில் அவன் எண்ணெய் எடுக்க வரும்போதெல்லாம் அவன் காலைச் சுற்றும், வேட்டியை நக்கும். அறுபத்தொன்பதில் வேல்சாமி காய்ச்சலில் சாகிற வரைக்கும், வந்து போனவர்கள் முதுகையெல்லாம் தேய்த்த அந்தக் கையால் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை.