கம்பானியன் வந்த வழி

போன வாரம் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி ஃபாரம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். துணைக்கு வருபவரை எழுத ‘கம்பானியன் பெயர்?’ என்று ஒரு கட்டம். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

என் மனைவி போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சர். திங்கள்கிழமை ஜீப் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவாள். ஆபரேஷனோ வியாழக்கிழமை. அங்கே பரீட்சை நேரம்... லீவு போடு என்று எந்த வாயால் கேட்பது? ஆபரேஷன் விஷயத்தையே சொல்லாமல் மறைத்துவிட்டேன்.

கேட்கத் தைரியம் இல்லாதவன் என்ன செய்வான்? அகராதியைப் புரட்டுவான். சிரிக்காதீர்கள்!

கம்பானியன் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் ‘கோம்’ என்றால் கூட, ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்பவர் — அவ்வளவுதான் அர்த்தம். அதே பானிஸ்தான் போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்து, இன்று நம்ம போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் விற்கிற பாவ் பாஜியில் ‘பாவ்’ ஆகியிருக்கிறது. ரோமாபுரி ரொட்டி போடி வரை வந்துவிட்டது. மலை மேல் இருப்பவளால்தான் வர முடியவில்லை.

தனியாகத் தின்கிற இட்லியில் ருசியே இல்லை, உன் ஞாபகமாகவே இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதில்லை.

புதன்கிழமை விடிந்ததும், வழக்கம்போல் ஜீப் டிரைவர் பாண்டியிடம் அவளுக்குக் குழம்பு டப்பா கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் கம்பானியன் கதை முழுவதும். அடியில், ‘நாளைக்குக் கண் ஆபரேஷன். கட்டம் காலியாக இருக்கிறது.’

டப்பாவை அவள் ஒருநாளும் வெறுமனே திருப்பியதில்லை. நாலு ஏலக்காயாவது போட்டு அனுப்புவாள்.

சாயங்காலம் பாண்டி டப்பாவை நீட்டினார். திறந்தேன். காலி.

“டீச்சர் ஒண்ணும் சொல்லலையா, பாண்டி?”

“எனக்கு சோலி கிடக்குண்ணே. அவுகளையே கேட்டுக்கங்க!”

ஜீப்பின் பின்பக்கமிருந்து பையோடு இறங்கினாள்.

“ஆபரேஷனைச் சீட்டுலயா சொல்றது? வெறும் டப்பாவ எப்படிக் குடுத்து விடுறதுன்னு நானே வந்துட்டேன்.”

“பரீட்சை?”

“பக்கத்து கிளாஸ் டீச்சர் பாத்துக்கிறேன்னுட்டாங்க. வெரசா உள்ள போயி, தட்டு ரெண்டா எடுத்து வைங்க.”