மாடிப்படி துடைப்பவளின் பாஸ்போர்ட்

என் தம்பி இந்த மாநகரத்தின் பெரிய சட்டக் கல்லூரியில் சர்வதேசச் சட்டம் படித்தான். இரண்டு நாடுகள் ஓர் ஆற்றை எப்படிப் பங்கிட வேண்டும் என்று சாப்பிடும்போது எனக்கு வகுப்பெடுப்பான். கை கழுவிய குழாயை மூட மட்டும் துரைக்கு மறந்துவிடும்.

புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் உரிமைக்காக மாதிரி நீதிமன்றப் போட்டியில் வாதாடி ஒரு கோப்பையும் வாங்கினான். மறுநாளே, எங்கள் குடியிருப்பில் மாடிப்படி துடைக்கும் பெண் தயங்கித் தயங்கி அவனிடம் வந்தாள். அவளை இந்த நாட்டுக்கு வேலைக்குக் கூட்டி வந்த ஏஜெண்ட் அவளுடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து இரண்டு வருடமாகிவிட்டதாம்.

"தம்பி, நீங்க சட்டம் படிக்கிறீங்களே, ஒரு மனு எழுதித் தாங்க."

"இது உள்ளூர் விவகாரம்மா. நான் படிக்கிறது அரசாங்கங்களுக்கு நடுவுல இருக்கிற சட்டம்" என்று சொல்லிவிட்டு, கோட்டுக்கு இஸ்திரி போட உள்ளே போனான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வெறும் நர்ஸ், எனக்கு என்ன சட்டம் தெரியும்? இருந்தாலும் லீவு போட்டு அவளைத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். குமாஸ்தா ஒரு பக்கப் படிவம் கொடுத்தார்; ஏஜெண்டுக்கு போன் போட்டார். நான்காம் நாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அதிலிருந்த போட்டோவைப் பார்த்து, "இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்!" என்று சிரித்தாள்.

விஷயம் தெரிந்ததும் தம்பிக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. நோட்டும் பேனாவுமாக வந்து நின்றான்.

"அக்கா, அவங்களைப் பேட்டி எடுக்கணும். என் ஆய்வுக் கட்டுரைக்கு நல்ல உதாரணம்."

அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்று கூசாமல் பொய் சொன்னேன். அப்போது அவள் இரண்டாவது மாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.