இருவரிடமும் கேட்ட உத்தரவு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சேலத்தில் படித்து ஆசிரியையும் ஆனேன். அம்மா ஆட்டையாம்பட்டிப் பக்கம் குறி சொல்பவள். அவளுக்குத் துணை இரண்டு பேர்: வாசலில் அரிவாளாக நிற்கும் கருப்பனார், சிறுவயதில் அம்மை கண்டு இறந்த என் தங்கை.

அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டச் சொன்னேன். அவர்கள் இருவரும் உத்தரவு தராமல் வரமாட்டேன் என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு இதில் நம்பிக்கையில்லை. அரிவாளின் முன் நின்று, "கருப்பா, அம்மாவை அனுப்பு" என்றேன்.

உள்ளிருந்து அம்மா கேட்டாள்: "ஏனுங்க டீச்சரம்மா, அவரென்ன உங்க பள்ளிக்கூடத்துப் பையனா?"

செருப்பைக் கழற்றினேன். "ஐயா, அம்மாவக் கூட்டிட்டுப் போறேனுங்க. உத்தரவு குடுங்க."

"அவருக்கு அது போதும். பாப்பாகிட்ட இப்படி நின்னுக்கிட்டுக் கேக்காத. பயந்துக்குவா."

உள்ளே தங்கைக்காக அம்மா ஏற்றிவைக்கும் விளக்கருகே உட்கார்ந்தேன். அவள் இறந்த பிறகு அவளிடம் நான் பேசியதே இல்லை. "கண்ணு, அம்மாவ டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவட்டுமா?"

அம்மாவின் வாயிலிருந்து சின்னக் குரல் வந்தது. "ஊசி போடுவாங்களா அக்கா?"

அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

"வலிக்காது சாமி. நீயும் வா. எல்லாரும் ஒண்ணாத் திரும்பி வரலாம்."

அம்மா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள். உடலோடு ஊர் திரும்பியதும் அரிவாளின் முன் நின்று, "அம்மா தவறிட்டாங்கய்யா" என்றேன். அவரிடம் எதையும் நேராகச் சொல்லிவிடலாம்.

தங்கையின் விளக்கைத் தினமும் ஏற்றுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வேறு ஏதேதோ பேசுகிறேன். அம்மா வரமாட்டாள் என்பதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.