கடைசியில் வந்த பெயர்

என் தம்பி பாரிஸில் பதினேழு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினான். மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை மூன்று மணித்தியாலம் ஓய்வு. மற்றவர்கள் போய்ப் படுப்பார்கள். இவன் சின்னத் தியேட்டர்களில் போய் இருப்பான். ஐந்து பேர் இருந்தாலும் படம் ஓட்டுவார்களாம். பழைய கறுப்பு வெள்ளைப் படமாம். போனில் இதைத்தான் சொல்வான். நான் கனடாவில், பிறம்ரனில் ஒரு குளிர்க் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து இதைக் கேட்க வேண்டும். பத்திக்கொண்டு வரும்.

பிறகு படம் எடுப்பவர்களோடு சேர்ந்தான். நீளத் தடியில் மைக்கைக் கட்டி நடிகர்களின் தலைக்கு மேலே பிடிக்கிற வேலை.

"என்ரை பேர் திரையிலை வரும் அண்ணை" என்றான்.

"வந்தா? அதை நக்கப்போறியோ?" என்று கேட்டேன்.

சிரித்தான். அந்தப் படம் முடியுமுன் மாரடைப்பில் செத்துப்போனான். அம்மா அப்போது இடுப்பு ஒப்பரேஷன் செய்து கிடந்தா. பாரிஸுக்குச் செத்தவீட்டுக்கு நான் மட்டும்தான் போனேன். அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் படம் ரொறன்ரோ விழாவுக்கு வருகிறது என்று என் மகள்தான் கண்டுபிடித்தாள். விழாவில் அந்தப் படத்தின் கடைசிக் காட்சிக்குத்தான் ரிக்கெற் கிடைத்தது, ஒரு பகல் காட்சி. அம்மா சீலை மாற்றி, கண்ணாடியை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு வந்தா. அவவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, கீழே ஓடுகிற இங்கிலீசும் தெரியாது. மகனுடைய பெயரை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் அடையாளம் தெரியும். அவன் அனுப்பிய கடித உறைகளில் பார்த்துப் பழகியது. அதற்காக இரண்டு மணித்தியாலம் இருந்தா.

தொடக்கத்தில் நாலைந்து பெயர் வந்தது. அவனுடையது இல்லை. சும்மா அளந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

ஸ்காபரோவில் தமிழ்ப்படம் பார்ப்பவர்களைத் தெரியும்தானே. வில்லன் விழ முன்னமே பாதிச் சனம் கார்த் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு எழும்பிவிடும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். திரை கறுத்ததும் எழும்பினேன்.

"எழும்புங்கோ அம்மா, லிஃப்ட்டிலை சனம் முட்டப்போகுது."

"பேர் வரேல்லையேடா."

"அதெல்லாம் முதலே போட்டு முடிஞ்சுது. வாங்கோ."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மகளும் எழும்பவில்லை, வேறு ஒருவரும் எழும்பவில்லை. வெள்ளைக்காரருக்கு வேறு வேலையில்லை என்று நினைத்தேன்.

மகள் பத்து நிமிடம் கழித்து அழுதுகொண்டு வெளியே வந்தாள்.

"ஏன் அப்பா லீவ் பண்ணினீங்கள்? எல்லாற்றை பேரும் முடிஞ்சாப் பிறகு சித்தப்பான்ரை பேர் தனிய வந்தது. அவற்றை நினைவா எண்டு போட்டிருந்தது. எவ்ரிபடி கைதட்டினவை."

அம்மா திரும்பி உள்ளே நடந்தா. வாசலில் நின்ற தொண்டர் பெட்டை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறித்தாள். அடுத்த படத்துக்கு ஆட்கள் வரப்போகிறார்களாம். கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் திரும்பப் போடச்சொல்லி அவளோடு சண்டை பிடித்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

காரில் அம்மா ஏசவில்லை. அஜின்கோர்ட்டில் தன் வீட்டு வாசலில் இறங்குகிற நேரம் சொன்னா:

"சின்னனிலையும் நீ அவனை ஒரு கதை சொல்லி முடிக்க விட்டதில்லை."



படத்தை எடுத்த பெண்ணுக்கு மகள் எழுதினாள். முழுப்படத்தையும் இப்போதைக்குத் தர முடியாதாம். தம்பியின் பெயர் வருகிற இடத்தை மட்டும் ஒரு போட்டோவாக அனுப்பினாள். பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு அம்மாவிடம் கொண்டுபோனேன். கறுப்பில் வெள்ளை எழுத்து. விரலால் தடவிப் பார்த்தா.

"செத்தவீட்டு நோட்டீசும் இப்பிடித்தான் கிடந்தது" என்றா. "சனம் கைதட்டினதெண்டாளே பிள்ளை. அதைத்தான் நான் கேக்க நினைச்சது."

சட்டத்தைத் திருப்பி என் கையில் தந்தா.