பனிக்குள் சொன்ன மன்றாட்டு மாலை

செபமாலை நேரத்தில் கண் அசருகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். நானும் அந்தக் கூட்டம்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தேன். காரைக்குடிப் பக்கம் அமராவதிபுதூரில் மார்கழிப் பனிக்கே காதை மூடுகிற எனக்கு, இமயமலையில் சிகரம் ஏறும் குழுவோடு போக உத்தரவு வந்தது. செப்டம்பரில், மாதா பிறந்த திருநாள் கழிந்த வாரம், நாங்கள் நான்கு பேர் மேல் முகாமுக்கு ஏறும்போது பனி சரிந்தது. முன்னால் போன குழுத் தலைவரும் இன்னொரு தோழரும் எங்கள் கண்ணெதிரே மறைந்துபோனார்கள். கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை. வயர்லெஸ் பெட்டியும் பனியோடு போய்விட்டது.

மிஞ்சியது நானும் கட்வால் மலைநாட்டுக்காரர் தன்சிங்கும். அவருக்குக் கால் முறிந்திருந்தது. புயலும் பிடித்துக்கொள்ள, பாறை இடுக்கில் ஒடுங்கினோம். அந்தக் குளிரில் தூங்கினால் எழுந்திருக்க முடியாது. அவருக்கோ கண் சொருகியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஆண்டவரே, இவரையும் எடுத்துக்கொண்டு என்னைத் தனியாகத் திருப்பி அனுப்பிவிடாதேயும்” என்று கதறினேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டு வழக்கம் ஞாபகம் வந்தது. மன்றாட்டு மாலையில் அப்பா மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நாங்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்போம். பதில் சொல்லாத பிள்ளைக்கு அம்மாவின் கிள்ளு நிச்சயம். “வாய் நின்னுச்சுன்னா ஆளு தூங்கிட்டான்னு அர்த்தம்” என்பார்.

தமிழே தெரியாத தன்சிங்குக்கு அந்தப் பதிலைக் கற்றுக்கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் பதில் சொன்னார். அவர் வாய் நின்றால் நான் கிள்ளினேன். என் வாய் நின்றால் அவர் கிள்ளினார், அதுவும் மலைக்காரர் கிள்ளு. தெரிந்த பெயரெல்லாம் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். தொண்டை கட்டியது. விடவில்லை.

விடிந்தும் மூட்டம் விலகவில்லை. கீழ் முகாமிலிருந்து தேடி வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்களாம். குரல் கேட்டுத்தான் திரும்பி வந்தார்கள்.

இறந்த இருவருக்காகவும் இன்றுவரை பூசை ஒப்புக்கொடுக்கிறேன். அவர்கள் ஏன் போனார்கள், நாங்கள் ஏன் பிழைத்தோம் என்று எனக்குத் தெரியாது. கேட்ட உதவி வந்தது, அது தெரியும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மன்றாட்டு மாலை நின்றதே இல்லை.

சில வருடம் கழித்துத் தன்சிங் ஊருக்கு வந்தார். செப நேரத்தில் வாசலிலேயே தயங்கி நின்றார். “அண்ணே, ஏன் அங்குட்டே நிக்கிறீக? உள்ள வந்து உக்காருங்க” என்றாள் என் மனைவி. மொழி புரிந்ததோ இல்லையோ, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பகலெல்லாம் அலைந்த அசதியில் எனக்குக் கண் சொக்கியது. தொடையில் சுள்ளென்று ஒரு கிள்ளு. திரும்பினால், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் தன்சிங். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

சகோதரரே, தனியாகச் செபிக்கத் தெம்பில்லாத நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். அவர் தூங்கினால் கிள்ளுங்கள். மேலே இருக்கிறவர் தூங்குவதில்லை.