புள்ளலூர்ச் சண்டையும் என் அப்பாவும்

ஆட்டோ ஸ்டாண்டில் எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. சவாரி ஓர் இடத்தைக் கேட்டால் தெரியாது என்று மட்டும் சொல்லக்கூடாது. "ஏறுங்க" என்று ஏற்றிக்கொண்டு, போகிற வழியில் டீக்கடையில் விசாரித்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்தில் நான் பதினோரு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். அந்தச் சட்டத்தை ஸ்டாண்டில் இருக்கும் ஆண்களைவிட நான்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பொம்பளைக்கு வழி தெரியாது என்று எவனாவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்காது. அந்த வீம்புதான் என்னை மாட்டிவிட்டது.

அன்று காலை வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தொப்பி, வெள்ளை ஜிப்பா, தோளில் ஒரு துணிப்பை. கோயிலும் கேட்கவில்லை, பட்டுக்கடையும் கேட்கவில்லை. "புள்ளலூர்ல சண்டை நடந்த இடத்துக்குப் போகணும்மா" என்றார்.

"எந்தச் சண்டை பாய்?" என்றேன்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. புள்ளலூரில் பல்லவனும் சாளுக்கியனும் ஒருமுறை மோதியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து மைசூர்ப் படையும் வெள்ளைக்காரனுடைய கும்பினிப் படையும் அதே பக்கத்தில் மோதியிருக்கின்றன. அடித்துக்கொள்ள வந்தவர்களுக்கெல்லாம் எங்கள் பக்கத்துக் கழனிதான் கிடைத்தது போலிருக்கிறது. நான் பிறந்தது அதற்கு அடுத்த ஊரில். அங்கே நாற்று நடும் பெண்கள் யாரும் இந்தச் சண்டைகளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

அவர் தேடி வந்தது மைசூர்க்காரர்களின் சண்டையை. மைசூர்ப் பக்கத்து ஆள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் தமிழ்க்காரர்களோடு முப்பது வருஷம் வேலை பார்த்ததில் தமிழ் வந்துவிட்டதாம். போகிற வழியில் கதையைச் சொன்னார். அவருடைய அம்மாவின் முன்னோர் ஒருவர் மைசூர்ப் படையில் சிப்பாய். அன்றைக்கு ஜெயித்தது மைசூர்தான், ஆனால் அந்த மனிதர் வீடு திரும்பவில்லை. புள்ளலூரில் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் புதைத்துவிட்டு வந்தோம் என்று கூடப் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வருஷா வருஷம், செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஷபே பராத் அன்று குடும்பத்தார் எல்லாக் கபருக்கும் போய் ஃபாத்திஹா ஓதுவார்களாம். இந்த ஒரு கபருக்கு மட்டும் யாரும் போனதே இல்லை.

"அம்மா படுத்த படுக்கையா இருக்காங்கம்மா. ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணை மூடறதுக்குள்ள அந்த இடத்தைப் பார்த்துடணும்னு ஒரே புடி" என்றார்.

புள்ளலூரில் எனக்குத் தெரிந்தது இரண்டு தூண்கள். வெள்ளைக்காரன் சமாதி என்போம். அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கிப்போய் எழுத்தைத் தடவித் தடவிப் படித்துவிட்டு வந்தார். "இது கும்பினி ஆபீசருங்களுக்கு வெச்சது. தோத்தவங்களுக்குக் கல் இருக்கு. ஜெயிச்சு செத்தவருக்கு எங்க இருக்கும்மா?" என்றார். என்னவோ நான்தான் கல் நட மறந்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

அந்த முகத்தைப் பார்த்து, தெரியாது பாய் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் மேடு என்றாரே, அப்படி ஒரு மேடு எனக்குத் தெரியும். வாய் முந்திக்கொண்டது. "தெரியும் பாய், உக்காருங்க" என்றேன்.

அது எங்கள் ஊர்க் காலனியின் பழைய இடுகாடு. ஏரியின் அந்தப் பக்கம் ஷெட் போட்டுப் புது இடம் வந்த பிறகு யாரும் இங்கே புதைப்பதில்லை. வேலிக்காத்தான் மண்டி, எது மேடு எது குழி என்று தெரியாமல் கிடக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் செத்துப்போன என் அப்பா அங்கேதான் இருக்கிறார். எங்கள் ஊரில் பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. தெருமுனையோடு எங்களை நிறுத்திவிட்டார்கள். புளியமரத்துக்குப் பின்னால் என்று அண்ணன் சொன்னதுதான் எனக்குத் தெரிந்த அடையாளம்.

ஆட்டோவை ஓரங்கட்டி, புளியமரத்துக்குப் பின்னால் கையைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். பையிலிருந்து ரோஜா இதழ்களை எடுத்துத் தூவினார். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். பிறகு திரும்பி என்னைக் கூப்பிட்டார். "ஓதும்போது ரெண்டு கையும் ஏந்தணும். இந்த போனை கொஞ்சம் புடிச்சுக்கோம்மா."

அப்படித்தான் நான் முதல் தடவை என் அப்பா இருக்கும் இடத்துக்குள் போனேன், ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, யாரோ ஒருவருடைய போனைப் பிடித்துக்கொண்டு. காலில் முள் குத்தியது. குனிந்து எடுக்கக்கூட வெட்கமாக இருந்தது.

திரையில் அந்த அம்மா தலையணைமேல் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மகன் ஓதி முடிக்கும்வரை அவருடைய உதடுகளும் அசைந்தன. அப்புறம் என்னைக் காட்டச் சொன்னார். "பேட்டி" என்று மகளைக் கூப்பிடுவதுபோலத் தொடங்கி உருதுவில் ஏதோ சொன்னார்.

"வருஷத்துல ஒரு தடவயாவது இங்க வந்து ஒரு பூ போடுவியான்னு கேக்கறாங்க. அவருக்கு இங்க யாரும் இல்லையாம், நீதான் பார்த்துக்கணுமாம்" என்று மகன் சொன்னார்.

யாரும் இல்லையாம். பெற்ற மகள் பத்து மைல் தூரத்தில் ஓரிக்கையில் குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். சரி என்று தலையாட்டினேன். அந்த அம்மா சிரித்தார். அழுகையை அடக்க முடியாமல் போனை மகன் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவுக்கு வந்துவிட்டேன்.

பேசாமல் கொண்டுவந்து விட்டிருந்தால் எல்லாருக்கும் திருப்தி. என்னால் முடியவில்லை. தார் ரோட்டுக்கு வந்ததும் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

"பாய், அந்த எடம் உங்களுது இல்ல. தெரியாதுன்னு சொல்ல கூச்சப்பட்டுக்கினு எங்க காலனி இடுகாட்டைக் காட்டிட்டேன். அங்க இருக்கறது எங்கப்பா."

அவர் என்னைத் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். சுட்டெரிக்கிற வெயில். பஸ் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் முதல் கியரில் அவர் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன். "பாய், ஏறுங்க. தப்புதான். மயக்கம் வந்து வுழுந்துடப்போறீங்க, ஏறுங்க." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு போர்வெல் கொட்டகை நிழலில் போய் உட்கார்ந்தார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். முதலில் வாங்கவில்லை, அப்புறம் வாங்கிக்கொண்டார்.

"எங்கம்மா இத்தனை வருஷத்துல இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. இப்ப போன் பண்ணி என்னான்னு சொல்லட்டும்?" என்றார்.



பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்கப்பா என்னா வேலை செஞ்சாரு?" என்றார்.

"கழனிக் கூலி பாய். ஏர் ஓட்டுவாரு, வரப்பு அண்டை வெட்டுவாரு. படிப்பு கிடிப்பு ஒண்ணும் இல்ல."

"எங்காளும் கூலிக்குப் போனவர்தான். துப்பாக்கி தூக்கினாரு, அவ்ளோதான்" என்றார். எழுந்து ஆட்டோவில் ஏறினார். காஞ்சிபுரம் வந்தோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "அம்மாகிட்ட நான் சொல்லப்போறதில்ல. என்னால முடியாது" என்றார். என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திட்டத்தான் வாங்குகிறார் என்று நினைத்தேன்.

டாக்டர் சொன்ன கெடு தாண்டி அந்த அம்மா பிழைத்துக் கிடந்தார். அடுத்த ஷபே பராத் அன்று காலை போன் வந்தது. "அம்மா பார்க்கணும்னு சொல்றாங்க. உன்னால போக முடியுமாம்மா?" எந்த இடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "போறேன் பாய்" என்றேன். அண்ணனிடம் சொன்னபோது, "பொம்பள அங்கல்லாம் போவக்கூடாதுன்னு தெரியாதா?" என்று குதித்தான். "நீ போய் எத்தினி வருசம் ஆச்சு?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு அரிவாளோடு வந்து, புளியமரத்துக்குப் பின்னால் முள்ளை வெட்டி, சரியான இடத்தைக் காட்டினான். சாமந்தியைப் போட்டுவிட்டு வீடியோ காலுக்காகக் காத்திருந்தோம்.

அந்த அம்மா இன்னும் மெலிந்திருந்தார். மண்ணைக் காட்டினேன். கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனார். மெதுவாக ஏதோ சொன்னார். மகன் தமிழில் சொன்னார். "'எழுந்து நின்னு சலாம் சொல்ல முடியல, படுத்துக்கிட்டே சொல்றேன், மன்னிச்சுடுங்க'ன்னு சொல்றாங்கம்மா."

கழனிக்காரர் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றவர் என் அப்பா. அவருக்கு முன்னால் எழுந்து நிற்க முடியவில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று போனை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.